சோலைமலைக்கு இரண்டாந்தாரம்

ஹட்டன் டவுனுக்குக் கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கீழ்க்கடையில் கூறைப் புடவையை எடுத்த கையோடு, பக்கத்துப் படிக்கட்டில் மேலே ஏறினால் போதும். மாப்பிள்ளை குடிக்கிறானா, சீட்டு விளையாடுகிறானா, கொழும்பில் இன்னொரு குடும்பம் வைத்திருக்கிறானா என்று விசாரிக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம். கீழே இருப்பது அழகம்மை அக்காவுடைய அண்ணனின் புடவைக் கடை. மேலே இருப்பது அக்காவின் விசாரணை நிலையம். அக்காதான் துப்பறிவாளர். நான் தர்ஷன், உதவியாளர். த்ரீவீல் ஓட்டுவது, ஆட்களைப் பின்தொடர்வது, மழையில் நனைவது, பிளேன்டீ வாங்கி வருவது ஆகிய நான்கு பிரிவுகளுக்கும் நானே தலைவன், நானே சிப்பந்தி.

அன்று காலை ஒரு அம்மா மேலே ஏறி வந்தார். குடையை மடக்காமலே வந்தார். எங்கள் படிக்கட்டில் விரித்த குடையோடு ஏற வேண்டுமென்றால் பயங்கரக் கோபம் இருக்க வேண்டும்.

"கீழ ஒங்க கடையிலதான் கூறச்சேல எடுத்தேன். அதத் திருப்பி எடுப்பீங்களா?" என்றார்.

"கூறச்சேலையத் திருப்பி எடுக்கிற கடை இந்த நாட்டுலயே கிடையாதுங்க. மாப்பிள்ளையத்தான் திருப்பி எடுப்பாங்க" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் என் இந்த மாதச் சம்பளம் கொஞ்சம் குறைந்தது. போன மாதச் சம்பளமே வராதபடியால் நான் கவலைப்படவில்லை.

"ஒக்காருங்கம்மா. என்ன விசயம்?" என்றார் அக்கா.

வந்தவர் பெயர் அம்மாக்கண்ணு. ஊர் இறம்பொடை. ஒரே மகன் பிரதாப், நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வேலை. அவனுக்கும் நோர்வூட் பக்கத்துத் தோட்டத்துப் பெண் கேஷிகாவுக்கும் இரண்டு வாரத்தில் கல்யாணம். பத்திரிகை அடித்தாயிற்று, மண்டபம் பேசியாயிற்று, மேளத்துக்கும் சொல்லியாயிற்று. இந்த நிலையில் அவருடைய தம்பி ஏதோ பிறப்புச் சான்றிதழ் எடுக்க நோர்வூட் விவாகப் பதிவாளரிடம் போயிருக்கிறார். அங்கே பலகையில் ஒட்டியிருந்த கல்யாண அறிவித்தலைப் பார்த்துவிட்டு, போனில் படம் பிடித்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்.

அம்மாக்கண்ணு போனை எங்கள் முன்னால் தள்ளினார். படித்தேன். மணமகன் சோலைமலை, வயது ஐம்பத்தாறு, விவாகமாகாதவர். மணமகள் காளியாயி, வயது நாற்பத்தேழு, விவாகமாகாதவர்.

"சோலைமலைங்கிறது யாரு?" என்றேன்.

"பொண்ணோட அப்பன்! என் சம்பந்தி!" அம்மாக்கண்ணு கைப்பையிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்து மேசையில் அடித்தார். "இதப் பாருங்க. சோலைமலை, செல்லம் தம்பதிகளின் புதல்வி கேஷிகான்னு போட்டிருக்கு. சம்பந்தியம்மா பேரு செல்லம். அப்ப இந்தக் காளியாயி எவ? கல்யாண வயசுல மக இருக்கு, இந்தாளு பிரம்மச்சாரியாம்!"

"சில பேரு மனசளவுல அப்படித்தாங்க இருப்பாங்க."

"தர்ஷன், போய் ஜன்னலச் சாத்து" என்றார் அக்கா. ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. போய் நின்றுவிட்டு வந்தேன்.

"நாங்க என்ன கொறை வச்சோம்?" என்றார் அம்மாக்கண்ணு. "கட்டில் வாங்கியாச்சு. அலுமாரி வாங்கியாச்சு. எம்மவன் பிரிட்ஜ் வாங்கி, நாலு பேரு தூக்கிப் படியேத்தி, வீட்டு ஹோல்ல வச்சிருக்கான். அந்தப் புள்ள வந்து காய்கறி அடுக்கறது ஒண்ணுதான் பாக்கி. கல்யாணத்தன்னைக்குப் பொண்ணோட அப்பனும் புதுமாப்பிள்ளையா வந்து நின்னா ஊரு என்னப் பாத்துச் சிரிக்காதா? இது உண்மைன்னா கல்யாணத்த நிப்பாட்டிருவேன்."

"கேஷிகா என்ன தப்புப் பண்ணுச்சு?" என்றார் அக்கா.

அம்மாக்கண்ணு பத்திரிகையைத் திரும்ப எடுத்துப் பைக்குள் வைத்தார். "அவ தங்கமான புள்ளைங்க. எம்மவன விட எனக்கு அவளத்தான் பிடிச்சிருக்கு. அதான் வயிறு எரியுது."

"பதிவு எப்ப?"

"இன்னைக்குத்தான். நானும் வர்றேன். என் ரெண்டு கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்."

கட்சிக்காரரையும் கூட்டிக்கொண்டு பின்தொடரப் போவது எங்கள் தொழிலில் வழக்கமில்லை. மாப்பிள்ளையின் தாயாரிடம் வேண்டாம் என்று சொல்வது அதைவிட வழக்கமில்லை. மூன்று பேரும் கிளம்பினோம். நோர்வூட் வரை பின் சீட்டில் சோலைமலையின் பரம்பரையே அலசப்பட்டது. நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

நோர்வூட் கடைத்தெருவின் ஓரத்தில் த்ரீவீலை நிறுத்தினேன். அம்மாக்கண்ணுவை உள்ளேயே உட்காரவைத்து மழைத் திரையை இறக்கிவிட்டோம். கையில் மீன் வைத்த மாலுபாண் இரண்டும் கொடுத்தேன். வாய் நிறைந்திருந்தால் சத்தம் வராது என்பது என் அனுபவம்.

அம்மாக்கண்ணு போனில் காட்டிய நிச்சயதார்த்தப் படத்தில் பார்த்த சோலைமலை சிறிது நேரத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கினார். மீசைக்குக் கறுப்பு மை அடித்திருந்தார். புதுச் சட்டையின் மடிப்புக்கூடக் கலையவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு பெண் இறங்கினார். முகத்தில் மாஸ்க், தலையில் முக்காடு, கையில் குடை.

"காளியாயி!" என்றேன். "அக்கா, கேஸ் முடிஞ்சிருச்சு. போய்ச் சொல்லிட்டு வரவா?"

"பொறு. நடக்கிறதப் பாரு."

பார்த்தேன். சோலைமலை கைலேஞ்சித் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு தூறலில் விறுவிறுவென்று முன்னால் போனார். அந்தப் பெண் குடையோடும் கனமான பையோடும் ரொம்பத் தூரம் பின்னால் வந்தார். சோலைமலை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணும் "நில்லுங்க" என்று சொல்லவில்லை.

"கள்ளக் காதல்தான் அக்கா. யாருக்கும் தெரியக்கூடாதுன்னு தள்ளித் தள்ளி நடக்கிறாங்க."

"ஒனக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷம்?"

"ஆறு."

"நீயும் ஒன் பெண்டாட்டியும் டவுனுக்கு வந்தா எப்படி நடப்பீங்க?"

சில கேள்விகளுக்குப் பதில் சொல்லாமலிருக்க ஒரு குடிமகனுக்கு உரிமை இருக்கிறது.

இருவரும் ஒரு தேத்தண்ணிக் கடைக்குள் நுழைந்தார்கள். நாங்கள் பின் மேசையில் உட்கார்ந்தோம். முன் மேசைக்கு வடைத் தட்டு வந்தது. அந்தப் பெண் மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கி ஒரு வடையைப் பிய்த்தார். மீதியை சோலைமலை கேட்காமலே எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். சீனிப் போத்தலுக்கு அவர் கை நீட்டுவதற்கு முன்பே அந்தப் பெண் அதைத் தள்ளி வைத்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் சப்பென்ற தேத்தண்ணியைக் குடித்தார். மழையில் நனைந்த மீசை மை கன்னம் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது.

"மை வழியுது. தொடச்சுத் தொலைங்க" என்றார் அந்தப் பெண். சொன்னதோடு நிற்காமல், முந்தானையை எடுத்து, பாத்திரம் துலக்குகிற வேகத்தில் அவர் முகத்தைத் தேய்த்தார்.

அக்கா என் காதருகே குனிந்தார். "நீ எத்தனையோ காதலர்களப் பின்தொடர்ந்திருக்க. புதுசா சேந்தவங்க ஒரு தட்டு வடைய எப்படித் தின்பாங்க?"

"நீங்க சாப்பிடுங்க, இல்ல நீங்க சாப்பிடுங்கன்னு கெஞ்சிக் கெஞ்சி, கடைசியில கடைக்காரன் தட்டத் தூக்கிட்டுப் போயிருவான்."

"இவரு?"

"கேக்காமலே எடுத்து முழுங்கிட்டாரு."

"சீனி வேணாம்னதுக்கு ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்த கேட்டாரா? காதலி மொகத்த இப்படித் தேய்ப்பாளா? இது இருபது வருஷத்துக்கு மேல ஒரே அறை லயக் காம்பராவுல குடும்பம் நடத்துன சோடி."

சொல்லிவிட்டு எழுந்தார். முன் மேசையைக் கடந்து போகிறவர் போல நின்று, தெரிந்தவரைக் கண்ட சிரிப்போடு கேட்டார்: "செல்லக்கா, கேஷிகாவுக்குக் கூறச்சேல பிடிச்சிருந்துச்சா?"

"ரொம்பப் பிடிச்..." என்று திரும்பிய அந்தப் பெண் சட்டென்று மாஸ்க்கை மூக்குக்கு மேல் இழுத்தார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சோலைமலைக்கு வடை தொண்டையில் நின்றுவிட்டது. நான் ஓடிப்போய் முதுகில் தட்டினேன். கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.

ஆக, சோலைமலை என்ற பிரம்மச்சாரி யாருக்கும் தெரியாமல் கட்டிக்கொள்ள வந்திருந்த பெண், சொந்தப் பெண்டாட்டி. அடையாள அட்டையிலும் தோட்டத்து வேலையாட்களின் செக்ரோல் பேரேட்டிலும் காளியாயி. லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் செல்லம். பத்திரிகையில் காளியாயி என்று போட்டால் ஸ்டைலாக இல்லை என்று கேஷிகாதான் செல்லத்தைப் போட்டிருக்கிறாள்.

"நீங்க யாருங்க?" என்றார் சோலைமலை.

"கல்யாண விசயமா வேலை பாக்கிறவங்க" என்றார் அக்கா. அது பொய்யில்லை. "சொந்தப் பெண்டாட்டிய ஏன் ஒளிச்சுக் கூட்டிட்டு வர்றீங்க?"

"தாலி கட்டினது தோட்டத்து மாரியம்மன் கோயில்லங்க. தோட்டமே வந்து சாப்பிட்டுச்சு. அந்தக் காலத்துல யாருங்க பதிஞ்சா? பதியலைன்னு யாரு வந்து கேட்டா? இப்பத்தான் ஒரு நல்லது கெட்டதுக்குப் பதிஞ்சு வைப்போமேன்னு..." என்று இழுத்தார்.

"மக கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் இருக்கப்ப, மழையில, மாஸ்க் போட்டுக்கிட்டா?" அக்கா அவரை விட்டுவிட்டு அந்த அம்மாவிடம் திரும்பினார். "செல்லக்கா, ஒங்களுக்கு நாற்பத்தேழுதானே? ஈபிஎப்புக்காகத்தானே இந்தக் கல்யாணம்?"

செல்லக்கா மாஸ்க்கைக் கழற்றி மேசையில் வைத்தார். மெலிந்த முகம். கொழுந்து பறித்துக் கறுத்த விரல்கள். அழுவாரோ என்று நினைத்தேன். பெருமூச்சுத்தான் விட்டார்.

விசயம் இதுதான். வேலை செய்கிறவர்களுக்கு அரசாங்கம் பிடித்து வைக்கிற சேமலாப நிதி இருக்கிறதே, அதை ஆம்பிளை ஐம்பத்தைந்தில் எடுக்கலாம், பொம்பிளை ஐம்பதில் எடுக்கலாம். அதற்கு முன்னால் முழுவதும் வேண்டுமென்றால் கைகால் முடங்க வேண்டும், நாட்டை விட்டே போக வேண்டும், அல்லது அது மாதிரி ஏதாவது சுபகாரியம் நடக்க வேண்டும். பொம்பிளைகளுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வழி உண்டு. கல்யாணத்துக்காக வேலையை விட்டால் எடுக்கலாம். செல்லக்காவுக்கு வயது இன்னும் ஆகவில்லை. கல்யாணம் ஆகியிருந்தது, ஆனால் அது மாரியம்மனுக்குத் தெரியும், அரசாங்கத்துக்குத் தெரியாது. இந்த ஓட்டையை யாரோ ஒரு புத்திசாலி சோலைமலைக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறான்.

"ஐடியா எப்படிங்க?" என்றார் சோலைமலை, தானே கண்டுபிடித்தவர் மாதிரி.

"பிரமாதம். விருது குடுக்கலாம்" என்றேன். அவர் தலையசைத்து ஏற்றுக்கொண்டார்.

அக்கா சிரிக்கவில்லை. "செல்லக்கா, இந்த வழியில எடுத்தா வேலைய விட்டுட்டேன்னு எழுதிக் குடுக்கணும். செக்ரோல்ல பேர வெட்டிருவாங்க. தெரியுமா?"

"தெரியுங்க. இவரு பேரு போன வருஷமே போயிருச்சு. கேஷிகாவும் இறம்பொடைக்குப் போயிருவா. இப்ப எம்பேருலதான் காம்பராவே நிக்குது. தோட்டத்துல வேலைக்கு ஆளில்லாத குடும்பத்த ரொம்ப நாளைக்கு லயத்துல விட்டுவைப்பாங்களான்னு பயமாத்தான் இருக்கு."

"அம்பதுல எடுத்தா அந்தப் பயமில்ல. காசையும் எடுக்கலாம், வேலையையும் விடத் தேவையில்ல. இன்னும் மூணே வருஷம்தானே?"

"மூணு வருஷம் என் மக கல்யாணம் காத்துக்கிட்டு நிக்குமாங்க?" செல்லக்காவின் கண் இப்போதுதான் கலங்கியது. "மாப்பிள்ள வீட்டுல த்ரீவீலுக்கு முன்பணமும் ஒரு பிரிட்ஜும் கேட்டிருக்காங்க. இல்லைன்னா கல்யாணம் இல்லைன்னு சொல்லிட்டாங்களாம். அவ பாவம், ஒண்ணும் தெரியாம சிரிச்சுக்கிட்டுத் திரியிறா. அவ மொகத்தப் பாத்துத்தான் நான் இதுக்குச் சம்மதிச்சேன். இல்லைன்னா இந்த வயசுல மாஸ்க் போட்டுக்கிட்டுக் கல்யாணப் பொண்ணா வருவனா?"

பிரிட்ஜ் என்றதும் நான் வாயைத் திறந்தேன். மேசைக்கடியில் அக்காவின் செருப்பு என் பாதத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"கேட்டது யாருகிட்ட?" என்றார் அக்கா.

"இவருகிட்டத்தாங்க. போன்ல."

சோலைமலை காலி வடைத் தட்டை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"ஒங்க ஈபிஎப்ப நீங்க ஐம்பத்தஞ்சுல எடுத்திருப்பீங்களே, அண்ணே? அது என்னாச்சு?"

"டயகமவுல நம்ம அழகையாவோட பங்குக்குச் சாப்பாட்டுக் கடை போட்டங்க. நல்லாத்தான் போச்சு."

"எவ்வளவு நாளு?"

"ரெண்டு மாசம்."

"அழகையாவும் நல்லாத்தான் போனாரு. எங்க போனாருன்னுதான் தெரியல" என்றார் செல்லக்கா. புருஷன் மேல் கோபம்கூட இல்லாத, பழகிப்போன குரல். எனக்கு அந்தக் குரலைக் கேட்கத்தான் கஷ்டமாக இருந்தது.

அக்கா எழுந்தார். "சரி, நேரமாகுது. சாட்சிக்கு ஆளு இருக்கா?"

"ரெண்டு பேரு வர்றேன்னானுங்க. போனத் தூக்க மாட்டேங்கிறானுங்க."

"நாங்க ரெண்டு பேரும் வர்றோம்."

சோலைமலைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பாசமுள்ள மனிதர்.

வெளியே வந்ததும் அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தினேன். "அக்கா, பிரிட்ஜ் ஏற்கனவே இறம்பொடையில ஹோல்ல நிக்குது. எம்மவன் வாங்கினான்னு அந்தம்மா ஒங்க மேசையில அடிச்சுச் சொல்லுச்சே!"

"சொன்னாங்க."

"வீட்டுல நிக்கிற பிரிட்ஜுக்கு எதுக்கு இன்னொரு பிரிட்ஜ்?"

"அதைக் கேக்கத்தான் சாட்சியா போறோம். நீ போய் அந்தம்மாவக் கூட்டிட்டு வா. வாசல்ல நிக்கச் சொல்லு. நான் கூப்பிட்டாத்தான் உள்ள வரணும்."

சொன்னேன். மழைத் திரைக்குப் பின்னால் அவ்வளவு நேரம் உட்கார்ந்து கொதித்த ஒரு மாமியாரிடம் எவ்வளவு கண்டிப்பாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு கண்டிப்பாகச் சொன்னேன். உள்ளே இருப்பது யார் என்று மட்டும் சொல்லவில்லை. உதவியாளனுக்கும் சின்னச் சின்னச் சந்தோஷங்கள் வேண்டும்.

பதிவாளர் ஒரு வயதான அம்மா. மூக்கு நுனியில் கண்ணாடி. இப்படி எத்தனையோ மணமக்களைப் பார்த்துச் சலித்த முகம். சோலைமலையின் மீசையை ஒருமுறை பார்த்தார். மை இறங்கிய பாதி வெள்ளை, இறங்காத பாதி கறுப்பு. ஒன்றும் கேட்காமல் ஆரம்பித்தார்.

"இந்த விவாகத்துக்குத் தடை சொல்றவங்க யாராச்சும் இருந்தா..."

"இருக்கேன்!"

கதவு சுவரில் மோதியது. அம்மாக்கண்ணு குடையை வாள் மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார். "பிரம்மச்சாரி சம்பந்தி! வெக்கமா இல்ல? மகளுக்குத் தாலி ஏறுறதுக்குள்ள ஒமக்கு என்ன அவசரம்?" என்று கத்தியவர், மணமகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் திகைத்தார். "அய்யோ, சம்பந்தியம்மா! நீங்களா? ஒங்க புருஷன் கல்யாணத்துக்கு நீங்களுமா வந்திருக்கீங்க?"

"பொண்ணே நாந்தாங்க" என்றார் செல்லக்கா.

அம்மாக்கண்ணு பக்கத்திலிருந்த கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தார். பதிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார். அக்காதான் முதலில் பேசினார்.

"அம்மாக்கண்ணு அம்மா, கோபத்த அப்புறம் வச்சுக்குங்க. பிரிட்ஜ் எங்க இருக்கு?"

"பிரிட்ஜா? எங்க வீட்டு ஹோல்ல."

"யாரு காசு?"

"எம்மவன் காசு. வேற யாரு காசு?"

"பொண்ணு வீட்டுல பிரிட்ஜ் கேட்டீங்களா? த்ரீவீலுக்கு முன்பணம் கேட்டீங்களா?"

அம்மாக்கண்ணு பாய்ந்து எழுந்தார். "யாரு சொன்னா? எந்த நாக்கு சொல்லுச்சு? நாங்க ஒரு கரண்டி கேட்டிருப்பமா? பொண்ணக் குடுங்க, போதும்னுதானே அன்னைக்கு வாசல்லயே சொன்னேன்! எம்மவனுக்கு த்ரீவீல் ஓட்டவே தெரியாதே!"

செல்லக்கா புருஷனைத் திரும்பிப் பார்த்தார். மெதுவாகத்தான் பார்த்தார். சோலைமலை கூரையைப் பார்த்தார். கூரையில் ஒன்றுமில்லை.

"போன்ல கேட்டாங்கன்னீங்களே" என்றார் செல்லக்கா.

"அது வந்து, புள்ள..."

"கல்யாணத்த நிப்பாட்டிருவோம்னு சொன்னாங்கன்னீங்களே."

"அழகையா திரும்பி வந்துட்டான் புள்ள. அவன் மேல தப்பில்ல. போன தடவ கடை உள்ளுக்க இருந்துச்சு, அதான் ஓடல. இந்தத் தடவ ரோட்டோரமாவே ஒரு எடம் வருது. ஒன்கிட்டச் சொன்னா வேணாம்பேன்னுதான்... ஒரே வருஷத்துல ரெட்டிப்பாக்கித் தந்துருவேன். சத்தியமா."

எனக்கு வாய்க்கு வாய் பேசத் தெரியும். அந்த நேரத்தில் அந்த மனிதரை ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருந்தது. அவ்வளவுதான்.

"அட்டக்கடியில நின்னேன்" என்றார் செல்லக்கா. குரலை உயர்த்தவில்லை. "அடமழையில, இடுப்புல படங்குச் சாக்கக் கட்டிக்கிட்டு, கேஷிகா வயித்துல இருக்கப்பவும் மலையேறினேன். அதுல சேந்த காசு. அதை மகளுக்குன்னு நெனச்சுக் கொஞ்சம்கூட நோகாமக் குடுக்க வந்தேன். வேலை போனாலும் பரவால்ல, காம்பரா போனாலும் பரவால்லன்னு வந்தேன். நீங்க மக பேரச் சொல்லி என்னை ஏமாத்தினீங்களா? இவங்க என்ன பாவம் பண்ணாங்க, இவங்களக் கேவலப்படுத்த?"

அம்மாக்கண்ணு வந்து செல்லக்காவின் பக்கத்தில் நின்றார். தோளில் கை வைத்தார். காலையில் கல்யாணத்தை நிறுத்தப் போகிறேன் என்று வந்தவர் இவர்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"சம்பந்தியம்மா, கல்யாணம் நடக்கும். கேஷிகா எங்க வீட்டுக்குத்தான் வர்றா. நீங்க கையை வீசிக்கிட்டு வாங்க" என்றார். பிறகு சோலைமலையைப் பார்த்தார். "ஒரே ஒரு வேண்டுகோள். அன்னைக்கு மொய் எழுதற மேசைப் பக்கம் மட்டும் இவர ஒக்கார வைக்காதீங்க."

சோலைமலை எழப் பார்த்தார். பதிவாளர் கையமர்த்தினார்.

"இருங்க. தடைன்னு சொன்னாங்க, தடை இல்லைன்னு ஆயிருச்சு. அப்ப நான் கேக்க வேண்டியதக் கேட்டாகணும், அதுதான் முறை." பேனாவை எடுத்தார். "காளியாயி, சோலைமலையை விவாகம் செய்ய ஒங்களுக்குச் சம்மதமா?"

செல்லக்கா அந்தப் பேனாவைப் பார்த்தார். "இத அன்னைக்கு யாரும் என்கிட்ட கேக்கலீங்க. அப்பா வந்து, நாளைக்குத் தாலின்னாரு. அவ்வளவுதான்."

"இப்ப நான் கேக்கிறேன். விருப்பமில்லைன்னாலும் சொல்லலாம்."

"சொல்லலாமா?"

"தாராளமா."

"அப்ப, சம்மதமில்லீங்க."

"புள்ள!" என்றார் சோலைமலை. "நமக்கு ஏற்கனவே கல்யாணமாயிருச்சே!"

"ஆயிருச்சுல்ல? அது கோயில்ல பண்ணது, அப்படியே இருக்கட்டும். ஒங்களுக்குச் சோறு ஆக்குறேன், சீனியில்லாம டீ போடுறேன். கையெழுத்து மட்டும் போட மாட்டேன்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் சாட்சிக்கென்று கையில் பிடித்திருந்த பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினேன். பதிவாளர் அம்மா சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார். கடமை அவரை விடவில்லை.

"கோபம் ஆறட்டும். இன்னொரு திகதி தரட்டுமாம்மா?"

"வேணாங்க" என்றார் செல்லக்கா, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. "அம்பது வயசு தன்னால வந்துரும். அதுக்கு மாப்பிள்ள தேவையில்ல."